எடைச்சீட்டின் இரண்டாம் தாள்

டாக்டரம்மாவைத் திரும்ப வேலையில் சேர்க்கச் சொல்லும் மனுவில் இருநூற்றுப் பதினாலாவது கையெழுத்து டயர்க்கடைக்காரருடையது. கையைத் துணியில் துடைத்தார், பேனாவை வாங்கினார், ஆனால் போடாமல் நின்றார்.

"எல்லாம் சரி தராசண்ணே. நோயே இல்லாதவனுக்கு எதுக்கு மருந்து? அதைச் சொல்லுங்க, போடறேன்."

எடைக்காரருக்கு இப்படி ஒரு கேள்வி போதும், பசி மறந்துவிடும். நெடுஞ்சாலை ஓரத்து எடைமேடையில் பதினேழு வருஷமாக லாரிகளை நிறுத்து எடை பார்ப்பவர். ஓட்டுநர்கள் அவருக்கு வைத்த பேர் தராசு. ஆனால் எடை போடுவதைவிட எது எப்படி வேலை செய்கிறது என்று சொல்வதில்தான் அவருக்கு உயிர். 'இந்த மனுஷன் தும்மினாக்கூட, எதனால தும்மினோம்னு சொல்லி முடிக்காம மூக்கைத் துடைக்க மாட்டார்' என்று அவர் மனைவி சொல்வாள்.

"இப்படி யோசிச்சுப் பாரு" என்று ஒரு பழைய டயர் மேல் உட்கார்ந்தார். "எச்.ஐ.வி. கிருமிக்குன்னு சொந்தமா ஒரு பட்டறை கிடையாது. தன்னைப் போல இன்னொண்ணைத் தானா செய்யத் தெரியாது அதுக்கு. நம்ம ரத்தத்துல காவல் காக்கிற அணு இருக்குல்ல, அதுக்குள்ள புகும். புகுந்து நம்ம சாமானை எடுத்தே தன்னை மாதிரி ஆயிரம் செய்யும். இந்த மாத்திரையைத் தினம் ஒண்ணு போட்டுட்டு வந்தா, பட்டறைக்குள்ள ஒரு ஆணி ரெடியா கிடக்கிற மாதிரி. கிருமி வந்து வேலையை ஆரம்பிச்சதுமே ஆணி சிக்கி மெஷின் நின்னுடும். அதோட சரி, அதால பரவ முடியாது."

"நோய் வந்தப்புறம் போட்டுக்கக் கூடாதா?"

"அதுக்கு வேற வைத்தியம் இருக்கு, அதைச் சாப்பிட்டுட்டு நல்லாவே வாழலாம். இது வராம இருக்கறதுக்கு. நீ ஸ்டெப்னியை வண்டி கிளம்பறதுக்கு முன்னாடி ஏத்துவியா, நடுக்காட்டுல பஞ்சர் ஆனப்புறம் தேடுவியா?"

டயர்க்கடைக்காரர் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். "டாக்டரம்மா கொடுத்து வெச்சவங்க. வேலையை விட்டு நிறுத்தி வெச்ச ஒருத்தருக்காக இப்படி அலையறதுக்கு யாரு இருக்கா இந்தக் காலத்துல? நீங்க நல்லா இருக்கணும்ணே."

எடைக்காரர் தாளை மடிக்கிற சாக்கில் குனிந்துகொண்டார். பாராட்டுகிற முகத்தை அவரால் பார்க்க முடியவில்லை. டாக்டரம்மா இந்த நிலைமைக்கு வந்ததற்குக் காரணமே அவர்தான். இரண்டு மாசமாக அது அவரைத் தவிர இன்னொருவருக்குத் தெரியாது.

எடைமேடைக்கும் மாத்திரைக்கும் என்ன சம்பந்தம் என்றால், அது டாக்டரம்மாவின் மூளையில் உதித்தது. கிராமத்துச் சுகாதார நிலையம் காலை ஒன்பதிலிருந்து ஒரு மணி வரைதான். அந்த நேரத்தில் லாரிக்காரர்கள் எந்த ஊரில் இருப்பார்கள் என்று அவர்களுக்கே தெரியாது. வாரக்கணக்கில் வீட்டைப் பிரிந்து ரோட்டிலேயே கிடப்பவர்களுக்குத்தான் இந்த மாத்திரை அதிகம் தேவை. முதல் மாசம் இருபது பேர் தொடங்கினார்கள். இரண்டாம் மாசம் திரும்பி வந்தவர்கள் மூன்று பேர். 'வர மாட்டேங்கறாங்கன்னு நான் திட்டிட்டு உக்காந்திருந்தா, திட்டறது மட்டும்தான் நடக்கும்' என்று சொல்லிவிட்டு டாக்டரம்மா ஒருநாள் எடைமேடைக்கு வந்தார். ஒரு காலைப்பொழுது முழுக்க அவருடைய அறையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எடைக்காரர் அவருக்கு மேடையை விளக்கினார். இரும்புப் பலகைக்கு அடியில் நான்கு மூலையிலும் கனமான உருளைகள் இருக்கின்றன. லாரி ஏறியதும் அவை ஒரு மயிரிழை அமுங்கும். அந்த அமுக்கத்தைக் கம்பி வழியாக இங்கே இருக்கிற பெட்டி எண்ணாக மாற்றும். வெறும் வண்டியை ஒருதரம், பாரத்தோடு ஒருதரம் நிறுத்துக் கழித்தால் சரக்கின் எடை. டாக்டரம்மா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். எடைமேடையை முழுசாகக் கேட்டு முடித்த முதல் ஆள் அவர்தான். முடிந்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"ஒவ்வொரு டிரைவரும் இறங்கி வந்து இந்த ஜன்னல்ல கையை நீட்டிச் சீட்டு வாங்கறாங்க. இங்க கையை நீட்டறவங்களை ஏன் நீட்டறேன்னு யாராவது கேப்பாங்களா?"

"அதெப்படிம்மா கேப்பாங்க?"

"அதுதான் வேணும் எனக்கு."

முதல் பரிசோதனையும் ரத்தம் எடுப்பதும் சுகாதார நிலையத்தில். அதற்குப் பிறகு மாசாமாசம் ஒட்டிய பழுப்பு உறை எடைமேடையில். உறை மேல் பேர் இருக்காது, ஓர் எண் மட்டும். மூன்று மாசத்துக்கு ஒருமுறை உறைக்குள் சோதனைக் குச்சி ஒன்றும் இருக்கும். அதை ஈறில் தேய்த்துச் சின்னக் குப்பியில் வைத்து, இருபது நிமிஷம் பொறுத்து, எத்தனை கோடு விழுந்தது என்று டாக்டரம்மாவுக்குப் போனில் சொல்ல வேண்டும். ஒரு வருஷத்தில் நாற்பத்தாறு பேர். அதில் ஒருவருக்கும் தொற்று வரவில்லை.

டாக்டரம்மா அவருக்கு வைத்தது ஒரே ஒரு சட்டம். "எதையும் எழுதாதீங்க. பேரு, வண்டி நம்பர், தேதி, ஒண்ணும் வேண்டாம். எழுதினது ஒருநாள் இல்லாட்டி ஒருநாள் யார் கையிலயாவது மாட்டும்."

எடைக்காரர் எழுதினார். உதவி செய்யத்தான் எழுதினார். மறதிக்கார ஓட்டுநர் ஒருவர், சோதனையை எந்தத் தேதிக்குள் செய்ய வேண்டும் என்று மூன்றாவது முறையாகக் கேட்க ஜன்னலுக்கு வந்தார். வண்டியை எங்கோ நிறுத்திவிட்டு நடந்து வந்திருந்தார். மேசையில் டீ கொட்டிக் கிடந்தது. எடைக்காரர் ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்து, அடியில் தாங்கலுக்குச் சீட்டுப் புத்தகத்தை வைத்துக்கொண்டு எழுதினார். 'மாத்திரை 30. எச்.ஐ.வி. டெஸ்ட் 14-ந் தேதிக்குள். டாக்டரம்மாவுக்கு போன் பண்ணவும்.' துண்டைக் கொடுத்தார். அவர் போனார்.

அடுத்து மேடையில் ஏறிய லாரியை ஓட்டி வந்தவன் நெட்டை. பனைமரம் மாதிரி உயரம், அதனால் அந்தப் பேர். எடைக்காரர் அதே புத்தகத்தில் எடையை எழுதி, மேல் தாளைக் கிழித்துக் கொடுத்தார். இரண்டாம் தாளான இளஞ்சிவப்பு, அன்றைய கட்டோடு ஜல்லி உடைக்கும் கிரஷர் அலுவலகத்துக்குப் போனது. அதை யாரும் திருப்பிப் பார்ப்பதில்லை.

மறுநாள் கிரஷர் மேனேஜர் அந்த இளஞ்சிவப்புத் தாளோடு வந்தார். நெட்டையின் வண்டி நம்பர், எடை, அதற்குக் கீழே குறிப்பு எழுதுகிற இடத்தில் ஊதா நிறத்தில் அந்த மூன்று வரி. பார்த்த நொடியிலேயே எடைக்காரருக்கு நடந்தது விளங்கிவிட்டது. அவருக்கு விளங்காமல் வேறு யாருக்கு விளங்கும்?

"என் வண்டி ஓட்டறவனுக்கு இதெல்லாம் கொடுக்கச் சொன்னது யாரு?" என்றார் மேனேஜர். "சீட்டுல எழுதச் சொன்னது யாரு?"

எடைக்காரரின் வாயிலிருந்து ஒரே ஒரு சொல் வந்தது.

"டாக்டரம்மா."

அவ்வளவுதான். நெட்டைக்கு அன்றைக்கே வேலை போனது. மேனேஜர் சுகாதாரத் துறைக்குக் கடிதம் எழுதினார். மூன்றாவது வாரம் டாக்டரம்மாவைப் பணியிலிருந்து நிறுத்திவைத்து, மூன்று குற்றம் சாட்டி விசாரணைக்கு நாள் குறித்தார்கள். மாத்திரையை வழக்கமில்லாத முறையில் கொடுத்தது ஒன்று. படிப்பில்லாத ஆள் மூலமாகக் கொடுத்தது இரண்டு. இந்த இரண்டுக்கும் டாக்டரம்மாவிடம் பதில் இருந்தது. மூன்றாவது, நோயாளியின் ரகசியத்தை வியாபாரச் சீட்டில் எழுத வைத்தது. அது நிரூபணமானால் வைத்தியம் பார்க்கிற உரிமமே போய்விடும்.

எடைக்காரர் மறுநாளே ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம். 'சொன்னால் அந்த மறதிக்காரர் மாட்டிக்கொள்வார்' என்று தனக்குத்தானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டார். அது பொய்ச்சாக்கு என்று அவருக்கே தெரியும். அன்றைக்கு அந்த ஆள் வண்டியை எடைக்கே கொண்டுவரவில்லை, எந்தச் சீட்டிலும் அவருடைய சுவடு கிடையாது. சொல்லாததற்குக் காரணம் பயம். பயந்த மனசுக்கு ஒரு வேலை கொடுக்கத்தான் கையெழுத்து வாங்கக் கிளம்பினார். நாள் போகப் போக ஊர் அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டது. அந்த உயரத்திலிருந்து இறங்குவது இன்னும் கஷ்டமாகிவிட்டது.

நெட்டையிடமும் போனார். அன்றைக்கு நெட்டை தன் வீட்டு வாசலில் தனியாக உட்கார்ந்து சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தான்.

"நான் எதுக்குண்ணே போடணும்?" என்றான் தலையைத் தூக்காமல். "அந்த அம்மா முகத்தைக்கூட நான் பார்த்தது இல்ல. மாத்திரை சாப்பிட்டிருந்தா ஆமா சாப்பிட்டேன்னு சொல்லிட்டுப் போயிருப்பேன், அதுல என்ன கேவலம்? சாப்பிடாததை எப்படிச் சாப்பிட்டேன்னு சொல்றது? என் பொண்டாட்டி புள்ளையைக் கூட்டிக்கிட்டு அவ அண்ணன் வீட்டுக்குப் போயிட்டா. நல்லவனுக்கு அந்த மாத்திரை எதுக்குன்னு கேக்கறா. டெஸ்ட் எடுத்துக் காட்டினேன். நோய் இல்லைன்னுதான் வந்துச்சு. அப்போ மாத்திரை நல்லா வேலை செய்யுதுன்னு சொல்றான் மச்சான்."

எடைக்காரருக்கு அந்த நேரத்தில் ஒரு விளக்கமும் வரவில்லை. "சரி தம்பி" என்று எழுந்து வந்துவிட்டார்.

விசாரணைக்கு முந்தின நாள், அவர் மனைவி சாப்பாட்டுத் தட்டை நகர்த்திவிட்டுக் கையெழுத்துத் தாள்களைப் புரட்டினாள்.

"டயர்க்கடை, சலூன், பள்ளிக்கூடத்து வாட்ச்மேன், எங்க அண்ணி, அண்ணியோட தங்கச்சி. கோழிக்கடைக்காரன்கூட இருக்கான், அவன் கடைச் சுத்தம் பத்தி டாக்டரம்மா அவனைக் கிழிச்ச கிழிக்கு. உங்க பேரைக் காணோமே?"

"கடைசியில போடறேன்."

"அம்புட்டுப் பேருக்கும் பேனா நீட்டின மனுஷனுக்கு மை தீந்துபோச்சா?"

அவர் தாள்களை வாங்கி அடுக்கினார். அவள் ஒரு நிமிஷம் அவரையே பார்த்தாள். தட்டை மறுபடியும் அவர் பக்கம் நகர்த்தினாள். அவர் சாப்பிடவில்லை.

சுகாதாரத் துறை அலுவலகத்தின் கூட்ட அறையில் நீள மேசை, இரும்பு அலமாரி, தடுப்பூசிச் சுவரொட்டி. மேசைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் வயதான மருத்துவர் ஒருவர் தலைவர், அவருக்கு ஒரு பக்கம் மருந்து ஆய்வாளரான ஒரு பெண், மறு பக்கம் குறிப்பெடுக்கிற எழுத்தர். டாக்டரம்மா தனி நாற்காலியில் முதுகு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். பின்வரிசையில் மேனேஜர். சாட்சியாகக் கூப்பிடப்பட்ட நெட்டை, கால் வைக்க இடம் போதாமல் முழங்காலை மடக்கிக்கொண்டு இன்னொரு மூலையில். கையெழுத்துக் கட்டைக் கொடுப்பதற்காக எடைக்காரர் சுவரோரம் நின்றார். தலைவர் கட்டை வாங்கி, கனம் பார்ப்பதுபோல் ஒருதரம் தூக்கி, ஓரமாக வைத்தார்.

முதல் இரண்டு குற்றச்சாட்டுகள் காலை முழுக்க இழுத்தன. டாக்டரம்மா புத்தகத்தையும் பதிவேட்டையும் பிரித்துப் பிரித்துக் காட்டினார். மூன்றாவது வந்தது.

"எழுதச் சொன்னீங்களா?" என்றார் தலைவர்.

"இல்லை சார். எழுதக் கூடாதுன்னுதான் சொன்னேன். ஆனா ஏற்பாடு என்னோடது. அதுல என்ன நடந்தாலும் பொறுப்பு என்னோடதுதான்."

"அப்போ நீங்க ஒத்துக்கறதா எழுதிக்கலாமா?"

டாக்டரம்மா எடைக்காரர் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அவர் தாங்கியிருக்க மாட்டார். பார்க்காததையும் அவரால் தாங்க முடியவில்லை.

"ஒரு நிமிஷம்" என்றார் மருந்து ஆய்வாளர். அவர் கையில் இரண்டு தாள். ஒன்று இளஞ்சிவப்பு. மற்றது வெள்ளை, நெட்டை தன் பக்கத்து ஆதாரமாகப் பத்திரப்படுத்திக் கொண்டுவந்த மேல் தாள். "ரெண்டும் ஒரே சீட்டு. ஒரே நம்பர், ஒரே எடை. ஆனா இந்த மூணு வரி வெள்ளையில இல்ல, கீழ்த் தாள்ல மட்டும் இருக்கு. மேல இல்லாதது கீழ எப்படி வரும்? அப்புறமா ஆபீஸ்ல வெச்சு யாராவது எழுதினாங்களா?"

"நாங்க எதுக்கு எழுதறோம் மேடம்?" என்று மேனேஜர் எழுந்தார்.

மேல இல்லாதது கீழ எப்படி வரும் என்ற கேள்வி அறைக்கு நடுவில் கிடந்தது. எடைக்காரருடைய கால் தானாக ஓர் அடி முன்னால் வந்தது.

"நான் சொல்லலாங்களா?"

பையிலிருந்து புதுச் சீட்டுப் புத்தகம் ஒன்றை எடுத்து மேசை மேல் வைத்தார். "முன்னெல்லாம் நடுவுல கறுப்பு மைத்தாள் வைப்போம். இது அப்படி இல்லீங்க. இந்த வெள்ளைத் தாளைத் திருப்பிப் பாருங்க, வெறும் தாள் மாதிரிதான் இருக்கும். ஆனா பின்பக்கம் கண்ணுக்குத் தெரியாத முட்டை மாதிரி லட்சக்கணக்குல பூசியிருக்காங்க. ஒவ்வொரு முட்டைக்குள்ளயும் நிறமில்லாத ஒரு திரவம். கீழ இருக்கிற இளஞ்சிவப்போட மேல்பக்கம் வேற ஒரு பூச்சு. பேனா அழுத்தினா முட்டை உடையும், திரவம் கீழ்ப் பூச்சோட சேரும், சேர்ந்தாத்தான் ஊதா நிறம் வரும். ஆகமொத்தம் இதுக்கு மை வேண்டாம். அழுத்தம் போதும். நகத்தால கீறினாலும் வரும், பாருங்க."

கீறிக் காட்டினார். இளஞ்சிவப்பில் ஊதாக் கோடு. எழுத்தர் எழுதுவதை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். தலைவர் தன் நகத்தால் ஒருதரம் கீறிப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார். அந்த ஒரு நிமிஷம் எடைக்காரர் எல்லாவற்றையும் மறந்து சந்தோஷமாக இருந்தார்.

"அதனால, புத்தகத்து மேல வேற ஒரு துண்டுக் காகிதத்தை வெச்சு எழுதினா, மை துண்டுல போயிடும். வெள்ளைத் தாள்ல ஒண்ணும் தெரியாது. ஆனா அழுத்தம் மட்டும் இறங்கி இங்க வந்துடும். அடுத்த வண்டிக்குச் சீட்டு எழுதறவரைக்கும் அது உள்ளயே காத்துக்கிட்டிருக்கும். எழுதற ஆளுக்கே தெரியாது."

"ரொம்ப நல்லாப் புரிஞ்சுது" என்றார் மருந்து ஆய்வாளர். "அந்தத் துண்டுக் காகிதத்துல எழுதினது யாரு?"

சந்தோஷம் நின்ற இடம் காலியாக இருந்தது. திரும்பி சுவரோரத்துக்கே போய்விடலாம் போலிருந்தது.

"நான்தாங்க."

எழுத்தருடைய பேனா மறுபடியும் ஓடத் தொடங்கியது.

"டாக்டர் சொல்லித்தானே?"

"இல்லீங்க. எழுதாதேன்னுதான் சொன்னாங்க."

"மேனேஜர்கிட்ட டாக்டர் சொன்னாங்கன்னு சொல்லியிருக்கீங்களே?"

"பொய்ங்க."

பின்னால் ஒரு நாற்காலி தரையில் உரசியது. நெட்டை எழுந்து நின்றான். "அப்போ அது எனக்கு எழுதினது இல்ல."

எடைக்காரர் திரும்பினார். "இல்ல தம்பி. உனக்கு முன்னாடி ஜன்னலுக்கு வந்த ஆளுக்கு எழுதினது. உன் சீட்டுல இறங்கிடுச்சு."

"அந்த ஆள் யாரு?" என்றார் தலைவர்.

"அதை அவர் சொல்லக் கூடாது சார்" என்று டாக்டரம்மா எழுந்தார். காலையிலிருந்து அவர் குரல் உயர்ந்தது அந்த ஒரு தடவைதான். தலைவர் கையை அமர்த்தினார். அந்தக் கேள்வியை எழுத்தர் எழுதவில்லை.

மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே மூன்றாவது குற்றச்சாட்டைக் கைவிட்டார்கள். மற்ற இரண்டுக்கும் இன்னொரு நாள் குறித்தார்கள். எடைக்காரருடைய வாக்குமூலத்தில் கையெழுத்து வாங்கினார்கள். இரண்டு மாசத்தில் டாக்டரம்மாவுக்காக அவர் போட்ட முதல் கையெழுத்து.

நடைவழியில் டாக்டரம்மா தண்ணீர்க் குழாயடியில் நின்றிருந்தார். எடைக்காரர் பக்கத்தில் போய் நின்றார்.

"உங்களுக்கு எப்போ தெரியும்?" என்றார் டாக்டரம்மா.

"மேனேஜர் தாளைக் காட்டினப்பவேம்மா."

டாக்டரம்மா டம்ளரைக் கழுவினார். இன்னொருதரம் கழுவினார். "என்கிட்ட வந்து சொல்லியிருந்தா நான் உங்களைத் திட்டியிருப்பேன். அரை மணி நேரம். அதுக்கப்புறம் ரெண்டு பேரும் சேர்ந்து அந்தத் தம்பி வீட்டுக்குப் போயிருப்போம்." டம்ளரைக் கவிழ்த்து வைத்தார். "எனக்கு வேலை போனது பரவாயில்ல, திரும்ப வரும். அவங்க வீட்டுல நடந்ததுக்கு என்கிட்ட மருந்து இல்ல."

"அம்மா, நான்..."

"என்கிட்ட வேண்டாம்."

வாசற்படியில் நெட்டை காத்திருந்தான். அடிப்பான் என்று எடைக்காரர் நினைத்தார். அடித்தால் வாங்கிக்கொள்ளத் தயாராகவும் இருந்தார். நெட்டை அவருடைய சட்டையைத் தோளருகே பிடித்தான், இழுக்கவில்லை, பிடித்தபடி நின்றான்.

"உள்ள சொன்னீங்கல்ல, அதை என் பொண்டாட்டிகிட்ட வந்து சொல்லுங்க. இப்பவே."

பஸ்ஸில் முக்கால் மணி நேரம். இருவர் இருக்கையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்துதான் போனார்கள். இறங்கித் தெருவுக்குள் திரும்பியபோது எடைக்காரரின் நடை தளர்ந்தது. இந்தத் தெருவை அவருக்குத் தெரியும்.

நெட்டையின் மைத்துனர் தச்சர். வாசலிலேயே பலகை இழைத்துக்கொண்டிருந்தார். சுருள் சுருளாக மரச்சீவல். நிமிர்ந்து பார்த்தார், இழைப்புளியைக் கீழே வைக்கவில்லை.

"வாங்க மச்சான். துணைக்குச் சாட்சி வேறயா? லாரிக்காரனுக்கு லாரிக்காரன் சாட்சி, நல்லாத்தான் இருக்கு."

"உன்கிட்ட பேச வரல. அவளைக் கூப்பிடு."

கூப்பிட வேண்டியிருக்கவில்லை. நெட்டையின் மனைவி ஈரத் துணியைக் கையில் வைத்துக்கொண்டே கதவருகே வந்து நின்றாள். எடைக்காரர் சொன்னார். துண்டுக் காகிதம், அடியில் புத்தகம், மேல் தாளின் பின்பக்கப் பூச்சு என்று வரிசையாகப் போனவரை அவள் பாதியில் நிறுத்தினாள்.

"தாள் எப்படி வேலை செய்யுதுன்னு எனக்கு வேண்டாங்க. யாருக்கு எழுதினீங்க?"

"அது சொல்ல மாட்டேம்மா."

"பார்த்தியா" என்றார் தச்சர். "அப்படி ஒரு ஆளே கிடையாது. அதான் சொல்ல மாட்டேங்கறார்."

"இருக்கார். அவருக்கும் ஒரு வீடு இருக்கு" என்றார் எடைக்காரர். "நான் எழுதினதால ஒரு வீடு உடைஞ்சது போதும்மா. உங்க வீட்டுக்காரர் அந்த மாத்திரையைத் தொட்டது கிடையாது. தொட்டிருந்தாலும் தப்பு கிடையாது. தப்பு என்னோடது."

அவள் துணியை முறுக்கினாள். தண்ணீர் படியில் சொட்டியது.

"எத்தனை நாளாத் தெரியும் உங்களுக்கு?"

"முதல் நாள்லேருந்தே."

"ரெண்டு மாசம்."

"ஆமாம்மா."

"இந்தத் தெருவுக்கு நீங்க வந்திருக்கீங்க." அவள் கேள்வியாகக் கேட்கவில்லை. "பக்கத்து வீட்டம்மா உங்களைக் காட்டிச் சொன்னாங்க. யாரோ ஒரு நல்ல மனுஷன், டாக்டருக்காக வீடு வீடா ஏறி இறங்கறார்னு. இந்த வீட்டுக்கு மட்டும் வரலையேன்னு நினைச்சேன். எங்க கதை தெரிஞ்சு, சங்கடப்படுத்த வேண்டாம்னு விட்டுட்டாருன்னு நினைச்சேன். நல்ல மனுஷன்னு நானும் நினைச்சேன்."

எடைக்காரர் தரையைப் பார்த்தார். அன்றைக்குப் பக்கத்து வீட்டுக் கையெழுத்தை வாங்கிக்கொண்டு, இந்த வாசலைத் தாண்டும்போது செருப்புச் சத்தம் கேட்காமல் நடந்தது நினைவிருந்தது.

அவள் நெட்டையைப் பார்த்தாள். அவனுடைய சட்டையில் ஒரு பொத்தான் மட்டும் வேறு நிறத்தில் இருந்தது, அதையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"நீங்க உள்ள வாங்க" என்றாள் அவனிடம். "அண்ணா, அந்தப் பலகையைக் கொஞ்சம் நகர்த்து."

தச்சர் பலகையை நகர்த்தினார். நெட்டை வாசற்படியில் தலையைக் குனிந்து நுழைந்தான். அவள் எடைக்காரரிடம் திரும்பினாள்.

"நீங்க போங்க."

அவர் படியிறங்கினார். பக்கத்து வீட்டுச் சுவருக்கு மேலாக ஒரு முகம் எட்டிப் பார்த்தது. கையெழுத்துப் போட்ட அதே அம்மா.

"அட, நீங்களா? வாங்க வாங்க. டாக்டரம்மா விஷயம் இன்னைக்குத்தானே? என்ன ஆச்சு? நீங்க இருக்கும்போது அவங்களுக்கு என்ன குறை, நான் அன்னைக்கே எங்க வீட்டுல சொன்னேன்."

எடைக்காரர் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். பஸ் நிறுத்தம் தூரத்தில் தெரிந்தது. போய்விடலாம். பிறகு அந்தச் சுவரருகே போய், அந்த அம்மாவின் முகம் நேராகத் தெரிகிற இடத்தில் நின்றார்.

"அவங்க மேல புகார் வந்ததே என்னாலதாம்மா" என்றார். "பக்கத்து வீட்டு மாப்பிள்ளை மேல பழி விழுந்ததும் என்னாலதான்."

அந்த அம்மாவின் சிரிப்பு உடனே போகவில்லை. சொன்னது காதில் ஏறி, மெல்ல மெல்லத்தான் போனது. அது முழுசாகப் போகிறவரை அவர் அங்கேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.